வெளுத்ததெல்லாம் பால், மஞ்சளெல்லாம் எண்ணெய்

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்லும் சாத்திரம் ஒன்று எங்கள் மலைநாட்டிலே வழக்கில் உள்ளது. கைரேகை சாத்திரத்துக்கும் இதற்கும் ஒரேயொரு வேறுபாடுதான். கைரேகை பிழைத்தால் நமக்குப் போவது ஐம்பதோ நூறோ ரூபாய். இது பிழைத்தால் போவது எஞ்சின்.

பொகவந்தலாவையில் என் தமக்கையின் மகனுக்கு அண்மையில் போனது எஞ்சின்தான். அதனால் இந்தப் பத்தியைச் சற்றுக் கோபத்துடனேயே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவன் கொழும்பில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன். 2022இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் அந்த வேலை போயிற்று. ஊருக்குத் திரும்பி, அம்மாவின் நகையை அடகு வைத்து முற்பணம் கட்டி, மீதியை லீசிங்கில் போட்டு, பழைய முச்சக்கரவண்டி ஒன்றை வாங்கினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். இடைப்பட்ட அந்த ஐந்தாண்டில் இந்நாட்டில் ஒரு பழைய ஓட்டோவுக்கு இருந்த மரியாதை ஒரு பழைய அமைச்சருக்குக்கூட இருந்ததில்லை. அப்படி வாங்கிய வண்டியைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்னரே அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்ப்பான். சற்றுக் கறுத்திருந்தால் மனம் கேளாது. அன்று மாலையே மாற்றிவிடுவான். வண்டியின் கைநூல் சொல்லும் தூரத்தில் பாதிகூட ஓடாத எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவான். அவ்வளவு அடிக்கடி மாற்றுகிறவனுக்கு முத்திரையிட்ட போத்தல் வாங்கக் கட்டுப்படியாகுமா? பரலில் இருந்து சோடாப் போத்தலில் பிடித்துத் தரும் எண்ணெயை வாங்கினான். பொன்னிறம்! வெயிலில் பிடித்தால் மறுபக்கத்து மலை தெரியும். அதைப் பார்த்துத்தான் வாங்கினான்.

ஒரு நாள் மாலை, கடைவீதியிலிருந்து தோட்டத்து மேட்டுப்பாதையில் மூன்று பேரையும் அரிசி மூட்டையொன்றையும் ஏற்றிக்கொண்டு போகையில், எஞ்சின் ஒரு முறை கத்திவிட்டு இறுகிப்போயிற்று. கழற்றிப் பார்த்தபோது கிராங்கின் பேரிங்குகள் அரைபட்டுக் கிடந்தன. கழற்றிய பாஸ் சொன்ன தீர்ப்பு: “ஓட்டத் தெரியாம ஓட்டியிருக்கே தம்பி. ஒயில்ல ஒரு பிழையும் இல்ல. கலரைப் பாரு, தங்கம் மாதிரி இருக்கு.”

அந்தத் தங்கத்தின் மிச்சம் அரைப் போத்தல் இப்போது கொழும்பில் என் மேசைமேல் இருக்கிறது. அதே தரக்குறியீட்டில் முத்திரையிட்ட போத்தல் ஒன்றையும் வாங்கி வைத்து, இரண்டையும் ஒரே மாதிரியான இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒன்றாக நிறுத்திச் சூடேற்றிச் சரித்துப் பார்த்தேன். ஒன்று எண்ணெயாக வழிந்தது. மற்றையது ஏறக்குறையத் தண்ணீராக ஓடியது. மண்ணெண்ணெய் மணமும் வந்தது. இது ஆய்வுகூடச் சான்றிதழ் அல்ல, வழக்கு மன்றத்தில் நில்லாது. ஆனால் நிறம் பார்த்தவருடைய தீர்ப்பைக் கேள்வி கேட்க இது போதும்.

“தமிழ் சிறப்புப் பாடமாகப் படித்துப் பேராதனையில் கலைப் பட்டம் வாங்கிய உமக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர் யாரென்றால், நாற்பதாண்டுகள் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய வாதம் இது: “நான் ஆயுள் முழுவதும் நிறம் பார்த்துத் தரம் சொன்னவன். சாயத்தின் நிறத்தைப் பார்த்து, கொழுந்து எவ்வளவு நேரம் புளித்தது என்று சொல்வேன். தேயிலைக்குப் பொருந்தும் நிறம் எண்ணெய்க்கு ஏன் பொருந்தாது?”

இங்கேதான் விடயம் சுவையாகிறது. பொகவந்தலாவையைத் தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று வர்ணிப்பது வழக்கம். பொன்னிறம் என்பது எங்கள் ஊரில் வெறும் நிறமன்று, நூற்றைம்பதாண்டுக் காலப் பிழைப்பு. நல்ல சாயம் பளிச்சென்றிருக்க வேண்டும், மங்கிக் கறுத்திருந்தால் அது மட்டம் என்று பாட்டன் பூட்டன் காலந்தொட்டுக் கேட்டு வளர்ந்த மக்கள், எண்ணெயையும் அதே கண்ணால் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் என் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார், அல்லது மறைத்துவிட்டார். தேயிலை சுவைப்பவர் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவதில்லை. உலர்ந்த தூளைத் தடவுகிறார், வெந்த இலையை மோந்து பார்க்கிறார், சாயத்தைச் சத்தத்துடன் உறிஞ்சி நாவில் உருட்டித் துப்புகிறார். நிறம் மட்டும் போதுமென்றால் சுவைஞருக்குச் சம்பளம் எதற்கு? அது போகட்டும். நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவனை ஏமாற்றத் தேயிலையில் சீனியும் இரும்புச் சல்பேற்றும் கலக்கிறார்களே, கழிவுத் தேயிலையைப் பிடித்ததாக மாதந்தோறும் செய்தி வருகிறதே, அவை எதனால்? நிறம் எங்கே தரத்தின் சான்றாக மாறுகிறதோ, அங்கே கலப்படக்காரன் முதலில் செய்வது நிறத்தைச் சரிக்கட்டுவதுதான். தேயிலைக்கு நேர்ந்ததே எண்ணெய்க்கும் நேர்ந்திருக்கிறது. என் நண்பருடைய உவமை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது!

சரி, எண்ணெய் ஏன் கறுக்கிறது?

எஞ்சின் எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும் உள்ள பொருளன்று. அது சூட்டைக் கடத்த வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும், எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்க வேண்டும், கரியைக் கழுவ வேண்டும். கழுவிய கரி ஓரிடத்தில் திரண்டு அடையாகப் படியாமல், நுண்துகளாகவே தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளவும் வேண்டும். இதற்கென்றே அழுக்ககற்றிகளும் சிதறடிப்பான்களும் சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஓடிய எண்ணெய் கறுத்திருக்கிறது என்றால், எஞ்சினின் உட்சுவரில் இருந்திருக்க வேண்டிய அழுக்கு எண்ணெயில் இருக்கிறது என்று பொருள். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டினாலே கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பதறுவது, துணி துவைத்த நீர் அழுக்காகிவிட்டதே என்று சவர்க்காரத்தைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும். பல நூறு மைல் ஓடிய பின்னும் பளிங்கு போல் இருக்கும் டீசல் எண்ணெயைக் கண்டால்தான் நான் பயப்படுவேன். அந்தக் கரியெல்லாம் எங்கே போயிற்று?

என் தகப்பனார் தோட்டத்து லொறிச் சாரதி. எண்ணெயை இரு விரலுக்கிடையில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், அளவு பார்ப்பார், கொப்பியில் எழுதுவார். ‘கறுக்காத எண்ணெய் வேலை செய்யாத எண்ணெய்’ என்பார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் அக்காலத்தில் எண்ணெய் தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து வந்தது. முத்திரை உடைக்காத பரல், தகரத்தில் எழுத்து, கையொப்பமிட்டு வழங்கும் கிளாக்கர். எந்த எண்ணெய், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதற்கு ஏடு இருந்தது. தோட்டத்துரைகளின் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. லொறிக்கு இருந்த கணக்கேடு லயத்தில் நோயாளிக்கு இருந்ததில்லை என்பதையும் அறிந்தவன் நான்.

புதிய எண்ணெயின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் கடையில் ஏமாற்றுவது அங்கேதான். மசகுக்கு அடிப்படையான கனிய எண்ணெயை ஐதரசன் கொண்டு நன்கு சுத்திகரித்தால் அது கிட்டத்தட்டத் தண்ணீரைப் போல நிறமற்று நிற்கும். அதற்குக் கபிலமும் கருமையும் தருவது பெரும்பாலும் அதில் சேர்க்கும் வேதிப்பொருட் கூட்டே. எண்ணெயில் பத்திலொரு பங்கு முதல் நாலிலொரு பங்கு வரை அந்தக் கூட்டு இருக்கலாம். எனவே ஒரே அடிப்படை எண்ணெயில் கூட்டு அதிகமானால் நிறம் கறுக்கக்கூடும், குறைந்தால் வெளுக்கக்கூடும். வெளுப்பைத் தேடிப் போகிறவன் சில வேளைகளில் சத்தில்லாததையே தேடிப் போகிறான். நிறுவனங்கள் சாயமும் சேர்ப்பதுண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான எண்ணெய் நீலமாகவோ சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கக் காரணம், பெற்றோலில் கலந்தாயிற்றா என்று கண்டுகொள்வதற்கு. அதில் தரத்தைத் தேடுவது பாடசாலைச் சீருடையின் நிறத்தில் புள்ளிகளைத் தேடுவது போன்றது.

பெற்றோலியப் பொருட்களின் நிறத்தை அளப்பதற்கு உலகத்தில் முறையான அளவுகோல் இல்லாமலில்லை. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்ரிஎம் டி1500 அரையிலிருந்து எட்டு வரை இலக்கமிட்டு நிறத்தை அளக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரே பொருள் இன்றும் நேற்றும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்க அது பயன்படும. ஆனால் நிறம் எப்போதும் தரத்தின் நம்பகமான வழிகாட்டியன்று என்பதை அந்தத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. நிறத்தை அளக்கும் கருவியைச் செய்தவர்களுக்கே இல்லாத நம்பிக்கை, எங்கள் கடைவீதியில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எங்கிருந்து வந்தது?

இன்னுமொன்று. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் சேவைத் தரவரிசையில் எஸ்ஏ என்றொரு வகை உண்டு. வேதிக்கூட்டு எதுவும் இல்லாத வெறும் எண்ணெய். 1930க்குப் பிந்திய பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு அது உகந்ததல்ல என்று அந்நிறுவகமே எச்சரிக்கிறது. அதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் அழகில் எதற்கும் குறையாது. அழகான எண்ணெய் தாத்தா காலத்து எஞ்சினுக்குக்கூடப் போதாததாக இருக்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கலப்படக்காரருடைய தொழில்நுட்பம் எளிமையானது. கராஜ்களில் வடித்த கழிவெண்ணெயைச் சேகரித்து, கந்தக அமிலத்தால் அழுக்கைப் பிரித்து, வெளுக்கும் களிமண்ணில் வடித்தால் கறுப்பு பொன்னாகிவிடும். கழிவெண்ணெயை முறையாக மீளச் சுத்திகரிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. வெற்றிடத்தில் வடித்து, ஐதரசனால் சுத்திகரித்து, புதிய கூட்டுகளைச் சேர்த்துச் செய்தால் புதிய எண்ணெய்க்கு நிகரானதைப் பெறலாம், பல நாடுகளில் பெறுகிறார்கள். ஆனால் குடிசைக் கொல்லையில் நடப்பது அதுவன்று. அங்கே திரும்பி வருவது நிறம் மட்டுமே. வேறு சிலர் அந்தச் சிரமமும் படுவதில்லை. மலிவான அடிப்படை எண்ணெயைப் பேர்பெற்ற நிறுவனத்தின் பழைய வெற்றுப் போத்தலில் நிரப்பி மூடியை ஒட்டிவிடுகிறார்கள். (வெற்றுப் போத்தலைக் கராஜில் விட்டுவிட்டு வரும் வாசகர்களே, அடுத்த முறை அதில் ஓர் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்.)

“நிறம் வேண்டாம், ஓடிப் பார்த்தால் தெரியாதா?” என்பது இரண்டாவது சாத்திரம். படித்தவர்கள் இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். எண்ணெய் மாற்றியதும் எஞ்சின் சத்தம் குறைந்தது, இழுவை கூடியது, ஆகவே எண்ணெய் நல்லது. அளவுக்கு மீறித் தடித்த எண்ணெய் எந்தத் தேய்ந்த எஞ்சினின் சத்தத்தையும் சற்று அடக்கும். காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தினால் முனகல் வெளியே கேட்காது, அவ்வளவுதான். எங்களூர் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. மார்கழி விடியலில் அந்தத் தடித்த எண்ணெய் மேலேறி உரிய இடத்தைச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இரும்போடு இரும்பு உரசுகிறது. எஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பங்கு இந்தக் குளிர்த் தொடக்கத்திலேயே நிகழ்கிறது. போத்தலில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதில் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. முதல் எண் சிறியதாக இருந்தால் குளிரில் இலகுவாக ஓடும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைச் சொல்லும். தடிப்புக்கு எண் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் தொடங்கியது 1911இல். டைட்டானிக் மூழ்குவதற்கு முந்தைய ஆண்டு! இன்றும் நாங்கள் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றையது, மெலிந்த எண்ணெயுடன் ஓடும் எஞ்சின் ஆரம்பத்தில் இன்னும் இலகுவாகவே சுழலும். இழுவை கூடியதாகவும் தோன்றும். என் மருமகனே சொன்னான்: “மாமா, அந்த ஒயில் போட்டா வண்டி பஞ்சு மாதிரி ஓடுச்சு.” ஓடத்தான் செய்யும். பேரிங்கில் படலம் கிழிவது காதுக்குக் கேட்பதில்லை. கேட்கும்போது வேலை முடிந்திருக்கும். எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டியில்கூட அந்தச் சிவப்பு விளக்குச் சொல்வது அழுத்தத்தைப் பற்றி, தரத்தைப் பற்றியன்று.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்கள் அறுபதாண்டுக்கும் மேலாக எங்கள் தண்டவாளங்களில் ஓடின. அட்டன் நிலையத்தில் அவை புகைவிட்டபடி நிற்பதைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அத்தகைய எஞ்சின்களின் எண்ணெயை எப்படிச் சோதிப்பது என்று 1940களிலேயே அமெரிக்க இரயில்வேக்காரர்கள் கண்டிருந்தார்கள். ஓடிய எண்ணெயில் ஒரு சிறு மாதிரியை எடுத்து, அதில் எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று நிறமாலைமானியால் பார்ப்பது. செம்பு கூடினால் பேரிங், இரும்பு கூடினால் சிலிண்டர். எஞ்சினைக் கழற்றாமலே நோய் தெரிந்தது. அங்கே எண்ணெயின் கறுப்பை யாரும் பொருட்படுத்தவில்லை, ஏனெனில் எல்லா மாதிரியும் கறுப்புத்தான்.

ஓட்டோக்காரனுக்கு நிறமாலைமானி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடையாதுதான். அவனுக்கென்று சில எளிய வழிகள் உண்டு. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு இரவு முழுவதும் வைத்தால், நல்ல நிலையிலுள்ள எண்ணெயின் கரி வெளிவட்டம் வரை சீராகப் பரவும். நடுவில் தார் போலக் கட்டிக்கொண்டு விளிம்பு கூராக நின்றால் அதன் சக்தி தீர்ந்துவிட்டது. எண்ணெயில் பெற்றோல் மணம் வீசினால் கவனம். நிறத்துக்கும் ஓரளவு உரிமை கொடுக்கத்தான் வேண்டும். பால்தேநீர் போலக் கலங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வண்டியை அசைக்கவே கூடாது. மினுமினுத்தால் உலோகத்தூள். இந்த இரண்டிலும் கண் சொல்வதை நம்பலாம். மற்றப்படி, கைநூல் சொல்லும் தரக்குறியீடும், கைநூல் சொல்லும் தூரமும், அளவும். அவ்வளவே.

இந்த இடத்தில் என்னைக் கோபப்படுத்தும் பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘தோட்டத்துச் சனங்களுக்கு விளங்காது, நிறத்தைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள்’ என்று கொழும்பில் இருந்துகொண்டு உச்சுக் கொட்டுகிறவர்கள். நான் எடுத்துப் பார்த்த ஐந்து போத்தல்களில் ஒன்றிலேனும் எந்த வண்டிக்கு உரியது, எவ்வளவு தூரத்துக்கு உரியது என்பது தமிழில் இல்லை. தமிழும் ஆட்சிமொழி என்று பதின்மூன்றாவது திருத்தம் 1987இல் எழுதிவைத்தது. அரசியலமைப்பில் ஏறிய மொழி எண்ணெய்ப் போத்தலில் ஏறவில்லை. கனடாவில் வாழும் வாசகர்கள் தங்கள் வண்டிக்கு வாங்கும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சு இருக்கும். வாசிக்க எழுத்தில்லாத பொருளை ஒருவன் எதைக்கொண்டு மதிப்பிடுவான்? கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான். பரலில் பிடித்த சோடாப் போத்தலில் எழுத்தே இல்லை. அந்த நிலையில் நிறம் பார்ப்பது மூடத்தனமன்று, வேறு வழியில்லாமை. மூடத்தனம் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது.

எங்கே என்று கேட்டால், சட்டப் புத்தகங்களுக்கு நடுவில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மசகெண்ணெய்ச் சந்தையைக் கண்காணித்து ஆலோசனை சொல்லும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் உண்டு. அரசாங்கம் தன் மசகெண்ணெய்த் தொழிலை 1994இல் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு விற்றது. பின்னர் சந்தையும் பலருக்குத் திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தால் தரம் வரும், விலை இறங்கும் என்றார்கள். வந்தது பல நிறத்துப் போத்தல்கள். தரத்தைச் சோதிக்கும் கை அட்டனைத் தாண்டி நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை வரை நீள்வதை நான் கண்டதில்லை. ஒரு லீற்றர் நல்ல எண்ணெயின் விலை கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஒருநாட் சம்பளத்துக்கு மேல். பரல் எண்ணெய் அதில் பாதி. இந்தப் பாதி விலைதான் அந்தக் கடைக்கு ஆட்களை அனுப்புகிறது, பொன்னிறம் அவர்களுடைய மனச்சாட்சியைச் சமாதானப்படுத்துகிறது.

2022இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாகவும் டீசல் நானூறுக்கு மேலாகவும் இருந்தபோது, சில பேருந்துக்காரர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதையும் ஒரு காரணமாகக் காட்டி, அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ரூபாயாக்கினார்கள். கலந்தவன் யாரோ, லயத்தில் விளக்கேற்றியவனும் அடுப்பு மூட்டியவனும் கட்டினான். கலப்படத்தைப் பிடிக்க முடியாத அரசு கலப்படத்துக்கு அகப்பட்டவனைப் பிடிக்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சம்பவம் எனக்குத் தெரியாது.

இடையில் ஒரு தன்னிலை விளக்கம். மசகு என்பது மாட்டுவண்டி அச்சுக்குப் பூசும் கரிய பசையைக் குறித்த சொல். தமிழ்நாட்டில் கச்சா எண்ணெய் என்கிறதை எங்கள் பத்திரிகைகள் மசகு எண்ணெய் என்று எழுதிப் பழகிவிட்டன. ‘உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை வீழ்ச்சி’ என்று நானே எத்தனையோ தலைப்புப் போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அன்றே எண்ணெய் மாற்றக் கடைக்குப் போன சாரதிகள் இருந்திருப்பின் அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி, கறுத்துவிட்டதென்று வடித்த எண்ணெய் எங்கே போகிறது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. மருமகனுடைய வீட்டில் அது வேலித்தூண்களுக்குக் கறையான் மருந்து. அயல் வீட்டில் சொறிநாய்க்கு மருந்து. அந்தப் பிராணி நக்கி நக்கிச் சாகும். மீதி வடிகானில். ஓடிய எஞ்சின் எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கும் பல்வளைய ஐதரோகாபன்கள் சேர்ந்திருக்கும். அதை வெறுங்கையால் துடைக்கும் கராஜ்ப் பையனின் வயது பதினாறு. வடிகான் கெசல்கமு ஓயாவுக்குப் போகிறது, ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அங்கிருந்து கீழிறங்கி மஸ்கெலி ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிறது. களனியின் நீரை அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். உச்சுக் கொட்டும் பெரியவர்கள் தங்கள் குழாயைத் திறக்கும்போது இந்தப் புவியியலை நினைத்துக்கொள்ளலாம். தேவைக்கு முன்பே ‘கறுத்துப் போச்சு’ என்று வடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் அந்த வழியாகத்தான் போகிறது. ஆகவே நிறச் சாத்திரம் ஓட்டோக்காரனுடைய தனிப்பட்ட நட்டம் மட்டுமன்று.

பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் ஜூலியா மார்கரட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879இல் இறந்தவர். நிறமே இல்லாத காலத்தில் மனித முகங்களைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர். மேட்டுப்பாதையில் நின்றுபோன ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்தப் பக்கமாகத்தான் வந்தோம் என்று மருமகன் சொன்னான். அவனுக்கு அவர் யாரென்று தெரியாது. எனக்கும் பாடசாலையில் யாரும் சொல்லித்தரவில்லை. இதற்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை, நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

வண்டி இப்போது வேறொரு கராஜில் கிடக்கிறது. கிராங்க் மாற்ற வேண்டும், சிலிண்டர் துளைக்க வேண்டும் என்கிறார்கள். லீசிங்காரர்கள் எஞ்சின் இறுகியதற்காகத் தவணையை இறுக்காமல் விடுவதில்லை. இரண்டு மாதம் நிலுவை. தோட்டத்தில் வேளைக்கு ஆளெடுக்கும் நாட்களில் மருமகன் கவ்வாத்து வெட்டப் போகிறான். எண்ணெய் விற்ற கடைக்குப் போய்க் கேட்டபோது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்களாம். சோடாப் போத்தலுக்கு யார் பற்றுச்சீட்டுத் தருகிறார்கள்? முறைப்பாட்டை நானே எழுதி, அரைப் போத்தல் மாதிரியும் கைவசம் உண்டு என்று குறிப்பிட்டு, உரிய இடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுவேன்.

சென்ற ஞாயிறு அவன் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, வண்டி திரும்பி வந்தா எந்த ஒயில் போடுறது?” கைநூலில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ள முத்திரைப் போத்தலை வாங்கு, அது எந்த நிறத்தில் இருந்தாலும் ஊற்று, பற்றுச்சீட்டு வாங்கு என்றேன். “கைநூல் இல்லையே, வண்டி கைமாறி வந்ததுதானே” என்றான். அந்த வண்டியின் மாதிரிக்குரிய கைநூலைத் தேடி எடுத்து, எண்ணெய் பற்றிய பக்கத்தை மட்டும் தமிழில் எழுதி, கடைவீதி ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒட்டுவதற்காக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வெவ்வேறு மாதிரி வண்டிகளின் கைநூல்கள் வைத்திருக்கும் வாசகர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் அவற்றையும் எழுதிவிடலாம். தரிப்பிடத்தில் பன்னிரண்டு வண்டிகள் நிற்கின்றன, நான்கு மாதிரிகள்.